உட்காராத அக்கா

எங்கள் கல்லூரியில் ஒருமுறை நாற்காலிகளைக் கணக்கெடுத்தார்கள். புதிதாக வந்த முதல்வருக்கு எதையாவது எண்ணிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கை உடைந்தது, முதுகுப் பின்னல் தொங்குவது, ஒரு கால் குட்டையாகிச் செங்கல் வைத்தது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவர் நுண்ணுயிரியல் துறை மூலையில் வந்து நின்றுவிட்டார். அங்கே ஒரு நாற்காலி, கடையிலிருந்து சுற்றிவந்த பாலிதீன் உறைகூடக் கிழியாமல் இருந்தது. "இதை எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டார். மற்ற நாற்காலிகளோடு சேர்த்து வாங்கியதுதான். அதற்கு உரியவர் அதில் உட்கார்ந்ததில்லை. நாங்கள்தான் எங்கள் கைப்பைகளையும் சோற்று டப்பாக்களையும் அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாற்காலிக்கு உரியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் உண்டு, நல்ல பெயர். ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. இப்படி எழுதப் போகிறேன் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, தறிச்சத்தமும் சோளக்காடும் மாறிமாறி வருகிற சாலையில் இருந்தது எங்கள் கல்லூரி. நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவேன். அக்கா எதிர்த் திசையிலிருந்து, நாமக்கல் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருவார். ஒல்லி. நல்ல உயரம். இடது தோளைச் சுவரில் சாய்த்து, ஒரு காலின்மேல் இன்னொரு காலை மாற்றிப் போட்டு நின்றாரென்றால் மணிக்கணக்கில் அப்படியே நிற்பார். விடைத்தாள் திருத்துவது இரும்பு பீரோவின் தலைமேல் வைத்து. அவர் உயரத்துக்கு அது மேசை மாதிரி சரியாக இருந்தது. மதியச் சாப்பாடும் டப்பாவைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டேதான்.

"கால் வலிக்கலையாக்கா?" என்று கேட்டால், "உக்காந்தாத்தானுங்க வலிக்குது" என்பார்.

அவருக்கு நான் ஏழெட்டு வயது சின்னவள். எனக்கும் 'ங்க' போடுவார். மாணவிகளுக்கும் போடுவார். நுண்ணோக்கியில் தெரியும் பூஞ்சைக்கும் போடுவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். எங்கள் கிழக்குப் பக்கம் இவ்வளவு மரியாதை தாங்காது. முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு சுகமாகப் பழகிவிட்டது.

அவர் ஏன் உட்காருவதில்லை என்பதற்கு ஆசிரியர் அறையில் பல கதைகள் உலவின. வேண்டுதல் என்றார் ஒருவர். முதுகில் ஏதோ அறுவை சிகிச்சை என்றார் இன்னொருவர். சேலை கசங்கக்கூடாது என்பதற்காக என்று நான் சொன்னேன். அது அவர் காதுக்குப் போய், மறுநாள் கசங்கிய சேலையிலேயே வந்து என் முன்னால் நின்று சிரித்தார்.

உண்மை தெரிந்தது ஒரு சனிக்கிழமை. கல்லூரி விழாவுக்கு மளிகை வாங்க நாங்கள் இரண்டு பேரும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தோம். மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், அதிசயமாக அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு. கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுக்கும் நேரம், முன்படியில் ஏறிய ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். அக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெரியவர் யாரோ, எந்த ஊரோ. அவர் தன் பாட்டுக்குப் போய் உட்கார்ந்து சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்று, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார்.

"கனைச்சதும் காலு தானா எந்திரிச்சுப் போச்சுங்க" என்றார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டில் மாமனார், மச்சாண்டார் முன்னால் பெண்கள் உட்காரக்கூடாது. மச்சாண்டார் என்றால் கணவரின் அண்ணன். அவர் குடும்பமும் அக்கா குடும்பமும் ஒரே வாசலில் எதிரெதிர் வீடு. மச்சாண்டார் எந்த நேரமும் வருவார், போவார். அவர் எதிரில் உட்காருவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை, வழியில் குறுக்கே நிற்பதில்லை. அவரும் அதற்கு ஏற்றவர். வாசலில் கால் வைக்குமுன் ஒரு கனைப்பு. உள்ளே இருக்கிற பெண்கள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுக்கிற கனைப்பு.

"நல்ல மனுசருங்க அவரு. ஒரு நாளும் கனைக்காம வந்ததில்லை" என்றார் அக்கா.

"அப்போ அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா?"

"காத்துக்குச் சொல்லுவோமுங்க."

எனக்குப் புரியவில்லை. நடித்தே காட்டினார். மச்சாண்டார் வாசலில் நின்று வேப்பமரத்தைப் பார்த்து, 'கரண்டு பில்லு கட்டியாச்சோ என்னமோ' என்பாராம். உள்ளே அக்கா அண்டாவைப் பார்த்து, 'நேத்தே கட்டியாச்சு' என்பாராம். வேப்பமரமும் அண்டாவும் இப்படித்தான் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எரிச்சலாக வந்தது.

"இந்தக் காலத்துல என்னக்கா இது? எம்.எஸ்ஸி., எம்.ஃபில். படிச்சுட்டு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உக்காராம இருக்கறதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சுபோறதில்லீங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, "பேச முடியாம இருக்கறதுதான்..." என்று ஆரம்பித்து, அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டதால் இறங்கிவிட்டார்.

கணவரின் கைப்பேசியில் அண்ணன் அழைப்பு வந்தால்கூட எழுந்து நிற்பார் என்பது பிறகு தெரிந்தது. "போன்ல அவருக்கு எப்படித் தெரியும், நீங்க உட்கார்ந்திருக்கறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியுதில்லீங்க" என்றார்.

பஸ்ஸில் அவர் பாதியில் விட்ட பேச்சின் மீதியை ஒரு மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன். அக்காவின் வீட்டுக்குச் சொந்தக் கோழிப்பண்ணை உண்டு. கணவர் சாது, பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர். தீவனம் வருவது மச்சாண்டாரின் தீவன மில்லிலிருந்து. அந்த மழையில் கோழிகள் சோர்ந்தன, முட்டை குறைந்தது, ஓடு மெலிந்தது. அக்கா ஒரு கைப்பிடித் தீவனத்தைத் தாளில் மடித்துக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். சில நாளில் வளர்ப்புத் தட்டு முழுக்க மஞ்சள் கலந்த பச்சையாகப் பூசணம் படர்ந்தது. மக்காச்சோளம் ஈரத்தோடு இறங்கியிருக்கிறது, அதில் பூஞ்சை பிடித்து நஞ்சு ஊறியிருக்கிறது. எனக்கே பார்த்ததும் விளங்கிவிட்டது.

"உடனே போய்ச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவர் கணவரிடம் சொன்னார். கணவர் அண்ணனிடம், "அம்மிணி ஏதோ பூசணம்ங்கறா" என்று சொன்னார். அண்ணன், "மழைக்குக் கோழி அப்படித்தான்டா இருக்கும்" என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் கோழிகள் சாக ஆரம்பித்தன. ஒரு கொட்டகையே காலியான பிறகுதான் மில்லில் அந்தச் சோளத்தை நிறுத்தினார்கள்.

அன்றைக்கு அக்கா பீரோவின் மேல் விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்தாமல் நின்றார். "நேருல சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாருங்க. கெட்டவரில்லை. என் பேச்சு அவருகிட்டப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதியாக் கரைஞ்சிருது" என்றார். கண் கலங்கியிருந்தது. கோழிக்காகவா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நான் கல்லூரியை விட்டுவிட்டுச் சேலத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் அலுவலகத்தில் சேர்ந்தேன். திட்டம் இதுதான். முனைவர் பட்டத்துக்குப் படிக்க ஆட்களை எடுத்து மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பார்கள். பாதிக் காலம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை, மீதிக் காலம் தொழிற்சாலைகளில். அங்கே நிஜமாக இருக்கிற ஒரு சிக்கலைத்தான் ஆராய வேண்டும். பங்கேற்கும் தொழில்களில் நாமக்கல் பக்கத்துத் தீவன மில்காரர்கள் சேர்ந்த குழு ஒன்றும் இருந்தது. அவர்கள் கேட்டிருந்தது, மக்காச்சோளத்தில் பூசணம் வராமல் காப்பது எப்படி என்பது.

அறிவிப்பைப் பழைய கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அக்கா மட்டும் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இதுல சேந்தா ஒவ்வொரு மில்லுக்கும் போய், இந்த லோடு ஆவும், இந்த லோடு ஆவாதுன்னு நாமளே சொல்லலாமுங்களா?"

"சொல்லலாமில்லக்கா, சொல்லியே ஆகணும். அதுதான் வேலையே."

பிறகு வயது வரம்பைக் கேட்டார். அவருக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் மனுப்போடவே முடியாது. "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருப்பதாகவும், கிடைத்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். எனக்கு அவர் மனுவைப் பற்றி மேற்கொண்டு பேச உரிமையில்லை, நான் அலுவலக ஆள். அதனால் 'நல்லா எழுதுங்க' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பீரோ மேல் வைத்துத்தான் எழுதியிருப்பார்.

நேர்காணல் நாள் வந்தது. தலைவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. கூட இரண்டு பேராசிரியர்கள். தொழில்துறை சார்பில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு செல்லாது. வருவதாக இருந்த மில்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, காலையில் அவசரமாக வேறொருவரை அனுப்பியிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. "ஏஞ்சாமி, எங்க உக்கோரட்டும்?" என்று என்னையே கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தொடங்குமுன் வழக்கப்படி விதியைப் படித்தேன். மனுதாரர்களில் யாராவது குழுவில் இருப்பவருக்கு உறவு என்றால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அந்த மனுதாரர் வரும்போது உறவினர் வெளியே போய்விட வேண்டும். மறைத்தது தெரிந்தால் மனுவே தள்ளுபடி. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்த வேட்டிக்காரர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "நமக்கு இதுல ஆரையும் தெரியாதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மதியத்துக்கு மேல் அக்காவின் முறை. கொஞ்சம் முன்னால்தான் அந்த வெள்ளை வேட்டிப் பெரியவர் கைப்பேசியோடு வெளியே போயிருந்தார். வந்துவிடுவார் என்று அக்காவை உள்ளே அழைத்தோம். வந்தார், வணங்கினார், பேராசிரியை சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாக, முழுதாக உட்கார்ந்தார். மூலையில் இருந்த எனக்குச் சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வந்தன.

"சொல்லுங்க, எதனால இந்த ஆராய்ச்சி?" என்றார் பேராசிரியை.

அக்கா வாயைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒரு கனைப்பு.

அக்கா எழுந்துவிட்டார். பஸ்ஸில் எழுந்ததுபோலவேதான். ஆனால் இந்தமுறை திரும்பிப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார். வந்த பெரியவர் தன் இடத்துக்குப் போனவர், மேசைக்கு அந்தப்புறம் நின்று அக்காவைப் பார்த்தார். பார்த்ததும் பார்வையைச் சுவர் நாட்காட்டிக்கு மாற்றிக்கொண்டார். அவரும் உட்காரவில்லை.

இவர்தான் அந்த வேப்பமரத்தோடு பேசுகிறவர்.

"என்னாச்சும்மா? உட்காருங்க" என்றார் பேராசிரியை. அக்கா உட்காரவில்லை. "பதற்றமா? தண்ணி குடிங்க." அதற்கும் நின்றுகொண்டே இருந்தார். "உட்கார்ந்து பேசக்கூட முடியலைன்னா, நாளைக்கு மில்லுல போய் எப்படி வேலை பார்ப்பீங்க?" என்று பேராசிரியை குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். நியாயமான கேள்விதான். அவருக்கு என்ன தெரியும்?

அக்கா நினைத்திருந்தால் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மச்சாண்டாரும் வாய் திறந்திருக்க மாட்டார்.

"மேடம், எனக்குப் பதட்டமில்லீங்க. அவருங்க எங்க மச்சாண்டாருங்க. வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அண்ணன். அவரு இருக்கறப்ப நான் உக்கோரமாட்டேனுங்க" என்றார் அக்கா.

பேராசிரியை மச்சாண்டார் பக்கம் திரும்பினார். "காலையில யாரையும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே, சார்?"

மச்சாண்டார் பட்டியலை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "பேரு தெரியாதுங்க" என்றார்.

"உங்க தம்பி மனைவி பேரா?"

"ஊட்டுல அம்மிணின்னுதானுங்க எல்லாரும் கூப்படறது. பத்திரிகை அடிச்சப்பப் பாத்திருப்பனுங்க. நெனப்பில்லை."

"எத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க?"

"ஒரே வாசலுங்க. ஊடு வேற" என்றார். வருடத்தை அவர் சொல்லவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம் வந்தது. அதே நேரம், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. அவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதையே அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உறவு என்பதால் மச்சாண்டார் வெளியே போக வேண்டும். அவர் போய்விட்டால் தொழில்துறை ஆள் இல்லை, நேர்காணல் நடத்த முடியாது. மாலைக்குள் தேர்வை முடித்துக் கையெழுத்திட்டு அனுப்பியாக வேண்டும். "எனக்கும் வருத்தமா இருக்கும்மா. அடுத்த வருஷம் போடுங்க" என்றார்.

அக்காவுக்கு அடுத்த வருஷம் இல்லை என்பது அந்த அறையில் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அக்கா வாதாடவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிக் கோப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. "வயசு வரம்பு, மேடம். அவங்களுக்கு இதுதான் கடைசி" என்று மூலையிலிருந்து சொல்லிவிட்டேன். அப்படி நான் குறுக்கிட்டுப் பேசக்கூடாது. பேசிவிட்டேன்.

மச்சாண்டார் நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டார். "சாயங்காலத்துக்குள்ள வேற ஒரு மில்காரரு வந்தா ஆவுமுங்களா?"

"ஆகும்" என்றார் பேராசிரியை.

மச்சாண்டார் வெளியே போய்க் கைப்பேசியை எடுத்தார். அக்காவை நாற்காலிகள் போட்டிருந்த தாழ்வாரத்துக்கு நான் கூட்டி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கூப்பிட்டது ராசிபுரம் பக்கத்து மில்காரர் ஒருவரை. ஏதோ லோடு தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

"நாந்தானுங்க பேசறேன்... ஆமாங்க, நானேதான். அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. இங்க ஒரு புள்ளை நின்னுக்கிட்டே இருக்குது. நீங்க வந்தாத்தான் அது உக்கோரும்."

ராசிபுரத்துக்காரர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒரு கோடியில் மச்சாண்டார் நின்றார். மறுகோடியில் அக்கா நின்றார். நான் இரண்டு டம்ளர் டீயோடு நடுவில் நின்றேன்.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ளைய உக்கோரச் சொல்லுங்க" என்றார் அவர் என்னிடம்.

நான் திரும்புவதற்குள் அக்கா என்னிடம், "பரவால்லீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. நான் எதற்கு? "இங்க வேப்பமரம் இல்லைன்னு என்னைப் புடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சாண்டாரின் மீசை லேசாக அசைந்தது. பிறகு அவர் என் அருகில் வந்து, தணிந்த குரலில், அந்தப் பட்டியலை இன்னொருமுறை காட்டச் சொன்னார். அக்காவின் பெயர் மேல் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக. வாசித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"போயிட்டார், இப்பவாவது உட்காருங்கக்கா" என்றேன். அக்கா ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தார். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், நிழல் ஒதுங்கிப்போன வெயிலில், அவர் நின்றுகொண்டிருந்தார். "அவரு நிக்கறாருங்க" என்றார் அக்கா. அவரும் உட்காரவில்லை. என்னதான் செய்வது இந்தக் குடும்பத்தை? நான் போய் என் வேலையைப் பார்த்தேன்.

ராசிபுரத்துக்காரர் வந்து சேர்ந்தார். தடித்த, சிரித்த முகம். அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. மழையில் வருகிற லோடு, தார்ப்பாய்க்குள் கட்டுகிற வேர்வை, மேல்மூட்டை காய்ந்திருக்க அடிமூட்டை புழுங்குவது, ஒரு கொட்டகைக் கோழி எப்படிச் செத்தது என்பதுவரை சொன்னார். எந்த மில் என்று மட்டும் சொல்லவில்லை. பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ராசிபுரத்துக்காரர் கேட்டார். "எல்லாஞ் சரிங்க. உங்க மச்சாண்டார் மில்லுக்கும் நீங்க போகோணும். ஈரச்சோளம் வந்து நிக்குதுன்னு வெச்சுக்கங்க. அவரு முன்னால உக்கோரவே மாட்டேங்கறீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவீங்க?"

பேராசிரியையும் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விக்குத்தான் எல்லாம் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "உக்கோரமாட்டேனுங்க. நின்னுக்கிட்டே சொல்லுவேன். ஆனா அவருகிட்டயே சொல்லுவேனுங்க" என்றார்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. கல்லூரியில் அந்த நாற்காலியின் பாலிதீன் உறையை யாரோ கிழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்களாம்.

சொன்னபடி செய்வாரா என்பது எனக்குள் இருந்துகொண்டேயிருந்தது. நேர்காணலில் யாரும் எதையும் சொல்லலாம். முதல் வருட வேலையைப் பார்வையிடப் பேராசிரியை வந்தபோது அவரோடு நானும் நாமக்கல் பக்கத்து மில்களுக்குப் போனேன். கடைசியாகப் போனது மச்சாண்டாரின் மில். வாயிலருகே எடைமேடை, அதை ஒட்டி ஒரு சின்னப் பரிசோதனை அறை. உள்ளே தாழ்வான மேசையில் ஈரம் பார்க்கிற கருவி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே கர்நாடகாவிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரி. அக்கா பல மூட்டைகளிலிருந்து எடுத்த சோளத்தைக் கருவியில் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்தின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். முதுகு கதவுப் பக்கம். நானும் பேராசிரியையும் ஓரமாக நின்றோம்.

வாசலில் நிழல் விழுந்தது. மச்சாண்டார். நான் கனைப்பை எதிர்பார்த்தேன். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. ஆனால் கனைக்கவில்லை. சத்தமில்லாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அக்கா கடைசி எண்ணை எழுதி முடிக்கும்வரை நின்றார்.

எழுதி முடித்துத் திரும்பிய அக்கா அவரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

மச்சாண்டார் அக்காவின் பெயரைச் சொன்னார். பட்டியலில் விரல் வைத்து வாசித்த அந்த முழுப் பெயரை. சொல்லிவிட்டு, "மாய்ஸ்சர் எவ்வளவுங்க?" என்று கேட்டார். வேப்பமரத்தை அல்ல, நாட்காட்டியை அல்ல, என்னையும் அல்ல.

லாரி ஓட்டுநர், சுமைக்காரர்கள், மில் கணக்கர் என்று எல்லோரும் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழு வருதுங்க மாமா" என்றார் அக்கா. "அடிமூட்டை புழுங்கியிருக்குது. இந்த லோடு வேண்டாங்க."

குரல் நடுங்கியது. ஆனால் எதுவும் கரையாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அவர் லாரியைப் பார்த்தார். அத்தனை தூரத்திலிருந்து வந்த லோடு. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரிங்க" என்றார். ஓட்டுநரிடம் திரும்பி, "தார்ப்பாய இழுத்துக் கட்டுங்க, திருப்பிரலாம்" என்றார்.

பிறகு அங்கே நிற்கவில்லை. என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல், செருப்பு அடிக்க, வழக்கத்தைவிட எட்டி நடை போட்டார். "என்ன, கோபமா போறார்?" என்று பேராசிரியை என் காதில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண்ணில் படுகிறவரைக்கும் அக்கா நின்றுகொண்டேதான் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். எடைமேடையைத் தாண்டி, மூட்டை அடுக்கு மறைவில் அவர் வேட்டி நுனி மறைந்தது.

அக்கா உட்கார்ந்தார்.